மெயின் சுவிட்சின் பக்கத்தில் நின்றவள்

ஏட்டி, நான் இதை எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் நீ ஸ்ரீவில்லிபுத்தூரில், உன் மாமியார் வீட்டுப் பின்வாசலில், அந்த வேன் ஷெட்டின் ஷட்டரை மேலே ஏற்றிக்கொண்டிருப்பாய். காலையில் போனில் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! "அம்மா, எலக்ட்ரீசியன் வந்து எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு மெஷின ஓடவிட்டுப் பாக்கப் போறேன்." இட்லிக்கு மாவு ஆட்டப் போகிறவள் மாதிரி ஒரு குரல். நானும் "சரி தாயி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.  அதற்குப் பிறகு சோற்றை வடிக்க மறந்து குழையவிட்டேன். உங்கப்பா அந்தக் கூழைத் தின்றுவிட்டு கையைக் கழுவிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அவருக்கும் தெரியும், இன்றைக்கு என்னிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று.

போனில் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நீ எனக்காக வேலையை நிறுத்துவாய். இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, என் பயத்தைக் காதில் வைத்துக்கொண்டே மரத்தை அறுப்பாய். சுற்றுகிற ரம்பத்துக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வேறு நினைப்பே இருக்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு உங்கப்பா அங்கே வரும்போது கொடுத்துவிடுவார். நாளைக்கு நீ இதை வாங்கிப் படிக்க வேண்டும், இரண்டு கையாலும் பிடித்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சனியன் பிடித்த நினைப்பு, எங்கே போனாலும் கூடவே வருகிறது.

நம் வீட்டு ஷெட் இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. உன் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிய அன்றைக்கே உங்கப்பா காரைத் திரும்ப உள்ளே விட்டிருக்கலாம். விடவில்லை. கார் இன்னும் தெருவில்தான் உறை போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் காருக்காகத்தான் அந்த ஷெட்டையே கட்டினார். நம்மிடம் இருந்த நாளைவிட அது மெக்கானிக்கிடம் இருந்த நாள்தான் அதிகம் என்றாலும் அதன் மேல் அவருக்கு ஒரு பிரியம். நீ வந்து, "அப்பா, ஷெட்ட எனக்குத் தாங்க, மரவேலை பழகணும்" என்று கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டார். "வாரம் பூரா அந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர முறைச்சிக்கிட்டு இருக்கா. சனி ஞாயிறு பிள்ளை ஏதோ செஞ்சிட்டுப் போறா, விடேன்" என்று எனக்குத்தான் புத்தி சொன்னார். அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டால் என் பேச்சு எடுபடுமா? நான் வாயை மூடிக்கொண்டேன். மூடின மாதிரி இருந்தேன்.

பழைய டயர், உடைந்த கட்டில் கால், உங்கப்பா வேலை பார்க்கிற பேண்டேஜ் யூனிட்டிலிருந்து கொண்டுவந்து அடுக்கிய கழிவுத் துணிக் கட்டு, எலி கடித்த சாக்கு எல்லாவற்றையும் நீயே வெளியே இழுத்துப் போட்டாய். மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற தரையை மேடாக்கி வாசல் பக்கம் வாட்டம் வைத்துப் பூசச் சொன்னாய். சோழபுரத்தில் இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குக் கதவைக் கால் கொடுத்து மேசையாக்கினாய். அதை ஆட்டிப் பார்த்து, ஆடக் கூடாது என்று சுவரோடு சேர்த்து முடுக்கினாய். சுவரில் பலகை அடித்து, உளி, சுத்தியல், இழைப்புளி ஒவ்வொன்றையும் மாட்டி, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாய். ஒன்றை எடுத்தால் அதன் உருவம் மட்டும் காலியாகத் தெரியும். "எதையும் மறந்து மெஷின் மேல வச்சிட்டு வர முடியாதும்மா, வேலை முடிஞ்சதும் சுவரப் பாத்தாப் போதும்" என்றாய். அது எனக்குப் பிடித்துப்போனது. உன்னிடம் சொல்லவில்லை. நீ ஆபீஸ் போனதும் அடுப்படிச் சுவரில் கரண்டிகளை மாட்டி நானும் கரியால் கோடு இழுத்துவிட்டேன். உங்கப்பா பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

அதுவரை சரி. அதன் பிறகுதான் அந்த ரம்ப மெஷின் வந்தது. இரும்பு மேசை, நடுவில் ஒரு பிளவு, பிளவுக்குள்ளிருந்து பாதி முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு வட்ட ரம்பம். நீ சுவிட்சைப் போட்டதும் அந்தப் பல்லெல்லாம் காணாமல் போய்ப் பளபளவென்று ஒரு வட்டம் மட்டும் நின்றது. எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பல் தெரிகிற மிருகத்தையாவது நம்பலாம். உன் விரல் எவ்வளவு மெல்லியது, குழந்தையில் நகம் வெட்டவே பயப்படுவேன் நான். அந்த விரலை வைத்துக்கொண்டு நீ பலகையைத் தள்ளுகிறாய், தள்ளுகிறாய், பலகை இரண்டாகிறது, நீ சிரிக்கிறாய். நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்று நீ நினைக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் நான் இந்த ஊர் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள். மெஷினைப் பார்க்காதவள் இல்லை. பார்த்ததால்தான் பயம். கொண்டையை இறுக்கிக் கட்டி அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். தாவணி முனையை இடுப்பில் சொருகியிருக்கிறோமா என்று மேஸ்திரி அம்மா ஒவ்வொருத்தியாகப் பார்ப்பாள். என்னோடு வேலை பார்த்த பேச்சியம்மாளைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதில்லை. கல்யாணம் முடிந்து அந்த வாரமே வேலைக்கு வந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, நீளமாகத் தொங்கும். அறுந்த நூலை ஒட்டவைக்கக் குனிந்தாள். கயிறு சுற்றுகிற தண்டில் போய் மாட்டிக்கொண்டது. எங்கள் கண் முன்னாலேயே அவள் தலை மெஷினை நோக்கிப் போகிறது. நான் கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. சுவிட்ச் இருந்த இடத்துக்கும் எனக்கும் நடுவில் அந்த வரிசை முழுக்க இருந்தது. நான் ஓடி முடிக்கவில்லை. அதற்குள் கயிறு படாரென்று அறுந்து, அவள் பின்னால் மல்லாந்து விழுந்தாள்.

பிழைத்தாள். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. மில் பூராவும் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள், "ஐயையோ, தாலிக்கயிறு அறுந்திட்டே, புருசனுக்கு என்ன வருமோ" என்று. கழுத்து தப்பியதே என்று ஒருத்தி சொல்லவில்லை. அவள் மாமியார் வந்து கூட்டிக்கொண்டு போனவள்தான், பிறகு வேலைக்கு அனுப்பவேயில்லை. போகும்போது பேச்சியம்மாள் என் காதில் சொன்னாள்: "ஏட்டி, அது அறுந்ததாலதான் நான் இருக்கேன். ஒருத்திக்கும் புரியமாட்டேங்குது பாரு." இப்போது உன் கழுத்திலும் புதுக் கயிறு. தாலி பிரித்துக் கோர்க்கிற சடங்கு வருவதற்கு இன்னும் நாள் கிடக்கிறது. இன்று காலை நீ மெஷின் என்று சொன்னதும் என் கண்ணுக்கு ரம்பம் வரவில்லை, அந்த மஞ்சள் கயிறுதான் வந்தது.

நம் ஷெட்டில் நான் எதற்காக மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ ரம்பத்தைப் போடுகிற சத்தம் கேட்டால் போதும், அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். உனக்குக் கோபமாக வரும்.

"அம்மா, நீ அங்க நின்னு என் கையவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத்தான் பயம் வருது. உள்ள போ."

"நான் உன்னப் பாக்கல. நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

"பொறவு கண்ண மூடிக்கிட்டு என்ன செய்யுத?"

"செத்த நேரம் நின்னா உனக்கு என்னட்டி குறைஞ்சு போகுது?"

மெஷினிலேயே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, முழங்காலால் தட்டினாலே நின்றுவிடும் என்று நீ காட்டினாய். தட்டியும் காட்டினாய். நம்பினேன். நம்பிக்கொண்டே அங்கேதான் நின்றேன். பேச்சியம்மாளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரத்தை இந்த வீட்டிலாவது இல்லாமல் செய்ய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

இவ்வளவு பயந்தவள் கடைசியில் என்ன செய்தேன்? தீ வைத்தேன். அதைத்தான் நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன்.

உன்னைப் பெண் பார்க்க வருகிற நாள் அது. ராகுகாலம் கழித்துச் சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கும் காலையில் நீ சும்மா இருந்தாயா? வேப்பமரத்தில் செய்த சின்ன அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து முடித்தாய். நம் ஊரில்தான் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி கிடக்கிறதே, தரையைத் துடைக்க, பாத்திரம் இறக்க, மூக்கைச் சிந்த எல்லாம் அதுதானே. நீயும் அதில்தான் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தாய். முடிந்ததும் அந்தத் துணிகளை வாசல் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாய். "அம்மா, இதுகள ஒண்ணாச் சேத்து வைக்காத. பிரிஞ்சே காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குத் தலை பின்னப் போனாய். சொன்னாய், இல்லை என்று சொல்லமாட்டேன். ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

நீ போனதும் வாசலுக்கு வந்து பார்க்கிறேன். மஞ்சளாகக் கறை பிடித்த பேண்டேஜ் துணி வரிசையாகத் தொங்குகிறது, ஆஸ்பத்திரி வாசல் மாதிரி. நல்ல காரியம் பேச வருகிறவர்கள் கண்ணில் முதன்முதலில் இதுவா பட வேண்டும்? அதோடு என் மில் புத்தி வேறு சேர்ந்துகொண்டது. மில்லில் பஞ்சு சிதறிக் கிடந்தால் திட்டு விழும். பறக்கிற பஞ்சில்தான் தீப்பொறி தாவும் என்பார்கள். கூட்டி அள்ளி, காலால் மிதித்து அமுக்கி, சாக்கில் கட்டினால்தான் எங்களுக்கு நிம்மதி. அதையேதான் செய்தேன். துணியெல்லாம் உருவி, சுருட்டி, சாக்கில் போட்டு, நன்றாக அமுக்கிக் கட்டி, உன் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஷட்டரையும் இழுத்து மூடினேன். எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா எனக்கு! பத்திரமாக வைத்துவிட்டேனாம்.

சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா. அப்பா இல்லாத பிள்ளை, அம்மாவும் மாமாவும் சேர்ந்து பால்கோவா அடுப்பை நடத்துகிறார்கள் என்பதெல்லாம் தரகர் முன்பே சொல்லியிருந்தார். நீ காபித் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாய். தாய்மாமா பேச்சைத் தொடங்குகிறார், எனக்கு ஒரு வாடை வருகிறது. எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து கருகுகிற வாடை. மில்லில் அந்த வாடை வந்தால் அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோம்.  அதற்குள் நீ எழுந்துவிட்டாய். "அம்மா, கொடியில கிடந்த துணி எங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். என் முகத்தைப் பார்த்தாய். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாய்.

ஷட்டரைத் தூக்கியதும் புகை முகத்தில் அடித்தது. மேசைக்கு அடியில் சாக்கு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. தீக்குச்சி இல்லை, கரண்ட் இல்லை, யாரும் பக்கத்தில்கூடப் போகவில்லை. அமுக்கி வைத்த எண்ணெய்த் துணி தன்னாலே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நீ மண்வெட்டியால் மாட்டி அந்தச் சாக்கை வெளியே இழுத்தாய். இழுத்ததும் காற்றுப் பட்டுக் குப்பென்று எரிந்தது. ஷெட் மூலையில் நீ எப்போதும் வைத்திருந்த மணல் வாளியை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்த வாளியைப் பார்த்து, "என்னட்டி, பூனைக்கா?" என்று கேலி செய்தவள் நான்.

நான் என்ன செய்தேன்? ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். வீடு பூராவும் ஃபேன் நின்றது. கூடத்தில் தாய்மாமா தாம்பூலத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தார் என்று உங்கப்பா பிறகு சொன்னார். கரண்டுக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. நீங்கள் மணலைக் கொட்டித் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் அணைத்து முடித்த பிறகும் நான் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கையை எடுக்க வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் பக்கத்தில் வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். "மதினி, கைய எடுங்க. அணைஞ்சிட்டு." சம்பந்தம் முடிவாகவே இல்லை, அதற்குள் மதினி என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யாரு அந்தத் துணிய உள்ள வச்சது?" என்று தாய்மாமா கேட்டார். நான்தான் என்றேன். அவர் உன் மெஷினையும் சுவரில் மாட்டியிருந்த உளிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் பொறவும் இதெல்லாம் உண்டா?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லண்ணே, எல்லாம் இங்கயே கிடக்கும்." சம்பந்தம் நழுவிவிடும் என்ற பயத்தில் மட்டும் சொல்லவில்லை. இந்தச் சாக்கிலாவது அந்த ரம்பம் உன்னை விட்டுத் தொலையட்டும் என்றும்தான் சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். தீப்பிடித்ததற்குக்கூட நீ அப்படிப் பார்க்கவில்லை. பட்டுச்சேலையெல்லாம் கரி, நெற்றியில் வேர்வை, ஆனால் குரல் ஆடவில்லை. "இல்ல மாமா. நான் வந்தா இதுவும் வரும்" என்றாய். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மாதான் சொன்னார்கள், "எங்க வீட்டுல அடுப்பு எரியாத நாளு கிடையாது மதினி. தீயக் கண்டு ஓடுற பொண்ணு எங்களுக்கு ஆகாது. இவ ஓடல, பாத்தியளா." மாப்பிள்ளை, பேச்சே வராத அந்த மனுஷர், உன்னைப் பார்த்து, "எங்க வேன் ஷெட்டு பெருசு" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் சிரித்துவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேன் ஷெட் எப்படிப்பட்டதோ என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து உன் சாமான்களோடு நானும் அந்த வண்டியில் வந்தேன் அல்லவா, அதைப் பார்க்கத்தான் வந்தேன்.  பெரிய ஷெட்தான், வெளிச்சமும் காற்றும் நம் ஷெட்டைவிட நன்றாகவே வருகிறது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? பால்கோவா அடுப்பு. காலையிலிருந்து விறகு நின்று எரிகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், கதகதவென்று இருந்தது. இந்தப் பக்கம் நீ மரத்தூளைப் பறக்கவிடப் போகிறாய்! அந்தச் சுவரின் மேலே புகை போக ஒரு ஓட்டை வேறு இருந்தது. உன்னிடம் காட்டினேன். "நாளைக்கே அடைக்கச் சொல்லிட்டேன்மா, மேசையும் எதிர்ச் சுவர் பக்கந்தான்" என்றாய். அடைத்துவிட்டார்கள் என்று பிறகு நீ போனில் சொன்னாய். நல்ல சிமெண்டு போட்டு அடைத்தார்களா, துணியைத் திணித்துப் பூசிவிட்டுப் போனார்களா, யார் பார்த்தது? தினமும் தூளைக் கூட்டு. கூட்டியதை ஷெட்டில் வைக்காதே. எண்ணெய்த் துணியைத் தண்ணீர் வாளியில் முக்கிவிட்டு வெளியே விரி, யார் வீட்டுக்கு வந்தாலும் விரி, ஜில்லா கலெக்டரே வந்தாலும் விரி. அது நான் சுட்டுக்கொண்டு கற்றது.

அப்போது உன் மாமியார், சுவிட்ச் எங்கே வைக்கப்போகிறார்கள் என்று நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டார்கள். "நாங்க பாத்துக்கிடுதோம் மதினி" என்றார்கள். எல்லாரும் சொல்லுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு அடுப்பை விட்டால் வேறு நினைப்பு எங்கே இருக்கப்போகிறது?

இன்னொன்று. இதை எழுதலாமா கூடாதா என்று இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். மெஷினைப் போடுவதற்கு முன்னால் அந்த மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொள். குனியும்போது அது வெளியே வருகிற மாதிரி இருந்தால், கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார். ஆமாம், நான்தான் சொல்லுகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள், ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்காமல் இருக்காதவள், அவள்தான் சொல்லுகிறாள். யாராவது கேட்டால் எங்கம்மா சொன்னாள் என்று சொல்லு. என்னை வந்து கேட்கட்டும். எனக்கு உன் கழுத்து வேண்டும்.

நீ இங்கே இருந்தவரைக்கும் அந்த மெஷின் சத்தத்தை எவ்வளவு ஏசியிருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது, அது நிற்கிறபோது எனக்குப் போன உயிர் திரும்பி வரும். சத்தம் நின்றது, இவள் அணைத்துவிட்டாள், பத்து விரலோடு இருக்கிறாள் என்று. இங்கே இப்போது எந்நேரமும் சத்தமில்லாமல்தான் இருக்கிறது. ஆனாலும் எந்நேரமும் நீ பத்திரமாக இருக்கிறாயா என்று தெரியவில்லை. சற்றுமுன் ஷெட்டுக்குப் போய் அந்தச் சுவிட்ச் பக்கத்தில் சும்மா நின்று பார்த்தேன். பைத்தியக்காரி என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்கமாட்டேன், பேசமாட்டேன், உன் நேரத்தைத் தின்னமாட்டேன். மணி அடித்து நின்றால் போதும்.

மேலே உள்ள வரியை எழுதி முடிக்கவும் போன் அடித்தது. எடுக்கப் போன அவசரத்தில் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன், இந்தத் தாளின் ஓரம் நனைந்திருப்பது அதனால்தான். உன் பெயர் வரவில்லை. உன் மாமியார் பெயர் வந்தது. எனக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் முடிந்துபோயிற்று. எப்படியோ பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

"மதினி, அணைச்சாச்சு. நல்லா இருக்கா."

 அவர்களே சொன்னார்கள்.

"தாலிக்கயித்த உள்ள விட்டு நான்தான் ஊக்குக் குத்திவிட்டேன். நான் சுவிட்சப் பிடிச்சிக்கிட்டு நின்னதுக்கு உங்க மக, எங்கம்மா போதாதுன்னு நீங்களுமான்னு ஏசுதா. ஏசட்டும். பாலு அடுப்புல கிடக்கு, தம்பியக் கிண்டச் சொல்லிட்டு வந்தேன்."  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள்: "கை இன்னும் நடுங்குது மதினி. நீங்க எப்படித் தனியா நின்னிய இம்புட்டு நாளும்?"

அழுதேன். அவர்களும் அங்கே அழுதார்கள் என்றுதான் நினைக்கிறேன், அடுப்புப் புகை என்று சொன்னார்கள்.

ஆகவே மிஸ்டு கால் வேண்டாம், அந்த வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கயிற்றைப் பற்றி எழுதியதையும் எடுத்துவிடலாம்தான், இருக்கட்டும். அவர்களை மட்டும் ஏசாதே ஏட்டி. சுவிட்ச் பக்கம் ஒரு முக்காலி செய்து போடு, முழங்கால் வலிக்காரர்கள். பால் அடுப்பில் இருக்கும்போது நீ மெஷினைப் போடாதே. அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள், அடிப்பிடித்துவிடும்.